எதையும் மாற்றவில்லையே, எடை மட்டும் ஏன் ஏறியது?

வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதிய கடிதத்தை, அவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 44. உயரம் 158 செ.மீ. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் 62 கிலோ இருந்தவர், அண்மையில் 71 கிலோவைத் தொட்டார். "வருஷத்துக்கு ஒரு கிலோ, சொல்லிவைத்தாற்போல ஏறுகிறது. சாப்பாட்டில் நான் எதையுமே மாற்றவில்லை, அளவாகத்தான் சாப்பிடுகிறேன். நாற்பதைத் தாண்டியதும் உடம்பின் வேகம் குறைந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்" என்கிறார். தைராய்டு பரிசோதனை சரியாக இருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.9. "பார்டரில் இருக்கிறது, எடையைக் குறையுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அந்தப் பயத்தில், ஆறு வாரத்துக்கு முன் நடக்கத் தொடங்கினார். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். இரவில் மாவுச்சத்தையும் குறைத்தார். முதல் இரண்டு வாரத்தில் 2 கிலோ இறங்கியது. அதற்குப் பின் நான்கு வாரமாக ஒன்றும் நடக்கவில்லை. போதாததற்கு, போன 2 கிலோவில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. "அரை மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடந்து எரிப்பது இரண்டு பிஸ்கட். இதற்கா இந்தப் பாடு?" என்று கணவர் சிரிக்கிறார். கைக்கடிகாரமோ பத்தாயிரம் அடி வரவில்லை என்று தினமும் குற்றம் சொல்கிறது. தோழி ஒருத்தி ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பிட்டு 6 கிலோ குறைத்துவிட்டாள். அலுவலகத்தில் ஒருவர் எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்கிறார்.

"சின்னச் சின்ன மாற்றமெல்லாம் மனசைத் தேற்றிக்கொள்ளத்தானா? நானும் ஒரு வேளை உணவுக்கு மாறிவிடவா? எடைக் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன், அதை வெளியே எடுக்கவா வேண்டாமா?" என்று முடிக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நீங்கள் கேட்டவற்றுக்காக. இரண்டாவது முறை, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டவற்றுக்காக. நோயாளிகள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்புறம் டாக்டர், இதுவும் இருக்கு" என்று சொல்வதில்தான் பல நேரம் விஷயம் இருக்கும். கடிதத்தில் அந்த வேலையை அடைப்புக்குறி செய்கிறது.

அடைப்புக்குறிக்குள் இருந்தவை

"எதையும் மாற்றவில்லை" என்று எழுதிய அதே கடிதத்தில் இவையும் இருக்கின்றன. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புவரை நீங்கள் பள்ளி ஆசிரியை. நாள் முழுவதும் வகுப்பறையில் நின்று, நடந்து, மாடிப்படி ஏறி இறங்கிய வேலை. அதை விட்டு மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்தீர்கள், அது நாற்காலியில். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதை "வீணாகக் கூடாதே" என்று நீங்கள் முடிக்கிறீர்கள். ஒரு நாளைக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. தூக்கம் ஐந்தரை மணி நேரம். ஒற்றைத் தலைவலி வராமலிருக்க மூன்று ஆண்டுகளாக இரவில் ஒரு அமிட்ரிப்டிலின் மாத்திரை. நடந்துவிட்டு வந்ததும், "களைப்பாக இருப்பதால்" ஒரு டம்ளர் பழச்சாறு.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைப் பட்டியல் போடவில்லை. மாறியது உங்கள் சாப்பாடு இல்லை, உங்கள் நாள். அதனால்தான் தட்டில் தேடியபோது எதுவும் கிடைக்கவில்லை.

முதலில் வயது. நாற்பதில் உடம்பின் வேகம் தணிந்துவிடும் என்று நாங்களும் நெடுங்காலம் சொல்லி வந்தோம். 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயதுவரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செலவிடும் சக்தியை அளந்து பார்த்தது. உடலின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வரை அந்தச் செலவு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. அறுபதுக்குப் பிறகுதான் மெல்லச் சரிகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிக் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்வது உண்மை. ஆனால் 44 வயதில் அடுப்பு அணைந்துவிட்டது என்பதற்குச் சான்று இல்லை.

உங்கள் விஷயத்தில் வேலை மாற்றத்தைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். வகுப்பறையில் மெல்ல அங்குமிங்கும் நடக்கும் ஒரு மணி நேரத்துக்கும் நாற்காலியில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்கும், உங்கள் அன்றைய எடையில், சுமார் 50 கலோரி வித்தியாசம். அப்படி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நடந்திருப்பீர்கள்? அதை உடற்பயிற்சி என்று நீங்கள் நினைத்ததே இல்லை, அதனால் இழந்ததும் தெரியவில்லை. 1999இல் ஜேம்ஸ் லெவைன் என்ற மருத்துவரின் குழு 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் தேவைக்கு மேல் ஆயிரம் கலோரி கொடுத்துப் பார்த்தது. ஒருவருக்குக் கூடிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை. இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல். அந்த வித்தியாசத்தைப் பெரிதும் தீர்மானித்தது, உடற்பயிற்சி அல்லாத அசைவு: எழுவது, நடப்பது, நிற்பது, சும்மா இருக்க முடியாமல் எதையாவது செய்வது.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அமிட்ரிப்டிலின் பசியைக் கூட்டி எடையை ஏற்றக்கூடியது, சிலருக்கு இனிப்பின் மேல் ஆசையையும் தூண்டும். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். தலைவலி பழையபடி வரும், திடீரென நிறுத்தினால் வேறு தொந்தரவுகளும் வரலாம். ஆனால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம், "இது என் எடையைக் கூட்டுகிறதா? அளவைக் குறைக்க முடியுமா? மாற்று இருக்கிறதா?" என்று கேட்பது உங்கள் உரிமை. ஒற்றைத் தலைவலியைத் தடுக்க, எடையை ஏற்றாத மருந்துகள் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளாக இந்தக் கேள்வியை யாரும் எழுப்பவில்லை என்பது உங்கள் தவறு இல்லை, எங்கள் தரப்புத் தவறு.

"அளவாகத்தான் சாப்பிடுகிறேன்" என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன ஒரு குழுவை 1992இல் நவீன முறையில் அளந்து பார்த்தார்கள். அவர்கள் சாப்பிட்டதாக எழுதியதைவிட உண்மையில் மிக அதிகம் சாப்பிட்டிருந்தார்கள். கணக்கில் 47 சதவீதம் விடுபட்டிருந்தது. உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிள்ளையின் தட்டில் எடுத்த இரண்டு வாய் யாருக்கும் சாப்பாடாகத் தோன்றுவதில்லை. எனக்கும்தான். இரவுப் பணி நாள்களில் மேசை மேல் கிடக்கும் பிஸ்கட்டை நான் எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை.

ஒரு ஸ்பூன் சர்க்கரையும் இருநூறு கலோரியும்

இனி கணவரின் இரண்டு பிஸ்கட் கணக்கு. அவர் சொன்ன எண் ஏறக்குறைய சரிதான். அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவுதான் தப்பு.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்புத் திசு என்பது தோராயமாக 7,700 கலோரி. நீங்கள் ஒன்பது ஆண்டில் 9 கிலோ ஏறினீர்கள். பெருக்கி, நாள்களால் வகுத்தால், நாளொன்றுக்கு மிஞ்சிச் சேமிப்பானது சராசரியாக 21 கலோரி. ஒரு ஸ்பூன் சர்க்கரைக்குக் கொஞ்சம் கூட. ஒன்பது ஆண்டு அலைச்சலுக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

அப்படியானால் ஒரு ஸ்பூன் சர்க்கரையை விட்டால் ஒன்பது ஆண்டில் பழைய எடை வந்துவிடுமா? வராது. பலர் தடுக்கி விழும் இடம் இது. உடம்பு கனக்கக் கனக்க அதைச் சுமக்கவும் பராமரிக்கவும் கூடுதல் சக்தி செலவாகும். ஆகவே இன்று 71 கிலோ உடம்பு, அன்றைய 62 கிலோ உடம்பைவிடத் தினமும் நிறையவே எரிக்கிறது. அதற்கு ஈடாக நிறையவே உள்ளே போகிறது. அந்த இடைவெளி எவ்வளவு? அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் அவருடைய குழுவும் 2011இல் ஒரு கணக்கைத் தந்தார்கள். தினசரி உணவில் ஏறக்குறைய 24 கலோரி நிரந்தரமாக மாறினால், காலப்போக்கில் எடை ஒரு கிலோ மாறும். அந்த மாற்றத்தில் பாதி முதல் ஓராண்டில் நடக்கும். ஏறக்குறைய முழுவதும் நடந்து முடிய மூன்று ஆண்டாகும்.

உங்கள் 9 கிலோவை அதில் போட்டால் 216 கலோரி. பழைய எடைக்குப் போய் அங்கேயே நிற்க, இன்றைய வழக்கத்திலிருந்து தினமும் இருநூற்றுச் சொச்சம் கலோரி என்றென்றைக்கும் மாற வேண்டும்.

செயலிகள் இதைச் சொல்வதில்லை. அவை நேர்கோட்டில் பெருக்குகின்றன: தினம் 100 கலோரி குறைத்தால் ஆண்டுக்கு நாலேமுக்கால் கிலோ குறையும் என்று. அந்தக் கோட்டை அப்படியே நீட்டினால் பதினைந்து ஆண்டில் உங்கள் எடை பூஜ்யமாகிவிடும்! உண்மையில் அந்த 100 கலோரி சுமார் 4 கிலோ குறைப்பில் போய் நின்றுவிடும். முதல் ஆண்டில் 2 கிலோ.

இப்போது உங்கள் சின்னச் சின்ன மாற்றங்களை எடுத்துக்கொள்வோம். உங்கள் எடையில் அரை மணி நேரம் சற்று வேகமாக நடந்தால், சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியதைக் கழித்துவிட்டு, 85 முதல் 90 கலோரி. வாரத்தில் ஐந்து நாள் என்பதால், தினசரிச் சராசரி 60 சொச்சம். நான்கு தேநீரிலும் சர்க்கரையை இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்றாக்கினால் இன்னொரு 60 சொச்சம். நடைக்குப் பின் குடிக்கும் பழச்சாற்றை விட்டால் சராசரியாக 75, 80. கூட்டிப் பாருங்கள், இருநூறை ஒட்டி வருகிறது. ஒன்பது ஆண்டு ஏற்றத்துக்கு நிகரான தொகை இந்த மூன்றிலேயே இருக்கிறது.

காகிதத்தில் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எடை இறங்க இறங்கப் பசி ஏறும். ஒரு கிலோ குறைந்தால் பசியின் உந்துதல் தினம் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது என்று அதே ஹால் குழு பிறகு கணக்கிட்டது. உடம்பு தன் பழைய இருப்பைக் காப்பாற்றப் போராடும். ஆகவே பாதி கைக்கு வந்தாலே நான் மகிழ்ச்சியடைவேன். ஏன் பாதி போதும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முள் ஏன் நகரவில்லை

முதல் இரண்டு வாரத்தில் போன 2 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தைக் குறைத்ததும் ஈரலிலும் தசையிலும் இருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையின் இருப்பு குறையும். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இருப்பு போனால் தண்ணீரும் போகும். ஒரு நாள் வழக்கம்போலச் சாப்பிட்டால் இரண்டும் திரும்பும். திரும்பி வந்த ஒரு கிலோ அநேகமாக அதுதான்.

நடையால் போன கொழுப்பு எவ்வளவு? ஆறு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2,600 கலோரி, அதாவது மூன்றில் ஒரு பங்கு கிலோ. அதுவும் பழச்சாற்றால் ஈடுகட்டாமல் இருந்திருந்தால். பழச்சாறு ஒரு டம்ளர் 100 கலோரிக்கு மேல். நடந்து எரித்ததைவிடக் கொஞ்சம் அதிகம். உப்பு, மாதவிடாய் நாள், மலம், முந்தின இரவு உணவு என்று இவற்றாலேயே எடை ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி இறங்கும். அந்த அலையில் 300 கிராமைத் தேடினால் எங்கே கிடைக்கும்? ஆறு வாரத்தில் உங்கள் கருவி எதையும் காட்டியிருக்க முடியாது. அது பொய் சொல்லவில்லை. அதனால் முடியாத ஒன்றை நீங்கள் அதனிடம் கேட்டீர்கள்.

கடிகாரத்தின் பத்தாயிரம் அடியை மறந்துவிடுங்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு ஆண்டு, ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானிக்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். பத்தாயிரம் அடி அளப்பான் என்று பொருள். எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் பிறந்த எண் இல்லை, விற்பனைக்கு வாகான முழு எண். வயதான பெண்களிடம் 2019இல் செய்த ஆய்வில், தினம் 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. இன்று 4,000 அடி நடக்கிறீர்கள் என்றால் 6,000 உங்களுக்கு நல்ல இலக்கு.

வயிற்றுக் கொழுப்புக்கென்று தனிப் பயிற்சி இருக்கிறதா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். இல்லை. வயிற்றுத் தசையை இறுக்கும் பயிற்சி தசையை வலுப்படுத்தும். மேலிருக்கும் கொழுப்பு எங்கிருந்து முதலில் கரைய வேண்டும் என்பதை உடம்புதான் தீர்மானிக்கும்.

ஒரு வேளை உணவும் ஊசியும்

உங்கள் தோழியை நான் மறுக்கவில்லை. ஒரு வேளைதான் சாப்பிட்டால் பலருக்கு மொத்தக் கலோரி குறையும், எடையும் இறங்கும். மந்திரம் நேரத்தில் இல்லை, குறைந்த அளவில் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்பேன். பட்டினி ஒற்றைத் தலைவலியைக் கிளப்பும், அது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. இரவு உணவைத் தவிர்த்த நாள்களில் பதினொரு மணிக்கு டப்பாவைத் திறந்து "கை நிறுத்தவில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது எப்போதாவது என்றால் வெறும் பசி. வாரத்துக்கு ஒரு முறையாவது, மாதக்கணக்கில், கட்டுப்பாடே இல்லாமல் சாப்பிட்டு, பிறகு வெட்கப்பட்டு மறைக்கும் அளவுக்குப் போகிறது என்றால், எடையைப் பற்றிப் பேசுவதற்கு முன் மனநல மருத்துவரிடம் அதைப் பேச வேண்டும். அது ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு. மேலும், வேகமாக இறங்கும் எடையில் தசையும் சேர்ந்து போகும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறக்குபவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. தோழியின் 6 கிலோவை ஓராண்டு கழித்துக் கேளுங்கள். இருந்தால் அவருக்கு என் வாழ்த்து.

ஊசியைப் பற்றி எனக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை. அந்த வகை ஊசிமருந்தான செமகுளூடைட் பயன்படுத்தியவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தார்கள் என்பது 2021இல் வெளியான பெரிய சோதனையின் முடிவு. நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்பதும் அதே சோதனையின் தொடர்ச்சி. இவை பொதுவாக, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 30க்கு மேல் இருப்பவர்களுக்கும், 27க்கு மேல் இருந்து எடையால் வரும் நோய் ஏதாவது ஒன்று உள்ளவர்களுக்கும் தரப்படுகின்றன. உங்கள் பிஎம்ஐ 28, எச்பிஏ1சி எல்லையில். ஆகவே நேரில் பார்க்கும் மருத்துவரிடம் கேட்கத் தகுந்த கேள்விதான், ஆனால் முதல் படி இல்லை. முதல் படியே இன்னும் சரியாக எடுத்து வைக்கப்படவில்லை. வாந்தி உணர்வு, மலச்சிக்கல் போன்ற பக்கவிளைவுகளும் நீண்ட காலச் செலவும் அதில் உண்டு.

உங்கள் இலக்கு 62 இல்லை

ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றீர்களே, அந்த எச்பிஏ1சியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. அது நீரிழிவு ஆகியே தீரும் என்பதில்லை. 2002இல் முடிவு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உங்களைப் போன்ற நிலையில் இருந்த 3,234 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு இரண்டே இலக்கு: எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடை போன்ற உழைப்பு. ஏறக்குறைய மூன்று ஆண்டில் அவர்களிடம் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம். பின்னர் அலசியதில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஆபத்து சுமார் 16 சதவீதம் இறங்கியிருந்தது.

ஐந்து நாள், அரை மணி. பெருக்கிப் பாருங்கள், 150 நிமிடம். கணவர் சிரிக்கும் அதே நடைதான். 71இல் 7 சதவீதம் என்பது 5 கிலோ. ஆகவே உங்கள் இலக்கு 66. திருமண ஆல்பத்தில் இருக்கும் எடையை மருத்துவம் உங்களிடம் கேட்கவில்லை. பாதி போதும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

நடையின் பயன் எடையோடு முடிவதும் இல்லை. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், தசை இரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். எடை ஒரு கிராம்கூடக் குறையாத நாளிலும் இது நடக்கிறது. கருவியில் தெரியாத இந்த லாபத்தைக் கணவரிடமும் சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

எதில் தொடங்குவது

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே மாற்றாதீர்கள். பழச்சாறு முதலில். பழமாகச் சாப்பிடுங்கள், தாகத்துக்குத் தண்ணீர். இது ஒரே முடிவு, தினமும் மன உறுதி கேட்காது.

அடுத்தது தேநீர். எட்டு ஸ்பூன் சர்க்கரை 32 கிராம். உலக சுகாதார நிறுவனம், சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது; உங்கள் தேநீரே அதைத் தாண்டிவிட்டது. ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒன்றரை ஸ்பூன், பிறகு ஒன்று. நாக்கு பழகிவிடும். பழைய அளவில் யாராவது போட்டுத் தந்தால், ஒரு மாதத்தில் உங்களுக்கே திகட்டும்.

மூன்றாவது தூக்கம், இதை ஏனோ யாரும் எடைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆறரை மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய, எடை கூடிய 80 பேரிடம் 2022இல் வெளியான ஒரு சோதனை நடந்தது. உணவைப் பற்றி எந்த அறிவுரையும் தராமல், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடுதலாகத் தூங்க வைத்தார்கள். அவர்கள் தினமும் சுமார் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். நான் மேலே இழுத்துப் பிடித்துக் கூட்டிய மூன்று மாற்றத்தையும்விட இது அதிகம்! இரவு வேலையை முடிக்கும் நேரத்தை அரை மணி முன்னே தள்ளிப் பாருங்கள். பதினொரு மணி டப்பாவும் அதோடு மூடிக்கொள்ளலாம்.

நாற்காலிக்கு ஒரு வழி: தொலைபேசியில் பேசும்போதெல்லாம் எழுந்து நடப்பது. வகுப்பறை நடை முழுவதும் திரும்பாது, கொஞ்சம் திரும்பும். பிள்ளைகளின் தட்டுக்கு, முதலிலேயே குறைவாகப் பரிமாறி, வேண்டுமென்றால் மீண்டும் கேட்கச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாள், பத்து நிமிடமாவது தசைக்கான பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது. தசை கூடினால் உட்கார்ந்த இடத்தில் கொழுப்பு எரியும் என்று விளம்பரங்கள் பெரிதாகச் சொல்கின்றன. ஒரு கிலோ தசை ஓய்வில் எரிப்பது நாளுக்கு 13 கலோரிதான். அதற்காகச் செய்யச் சொல்லவில்லை. எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து போகாமலிருக்கவும், எழுபது வயதில் கையூன்றாமல் தரையிலிருந்து எழவும்தான்.

பழக்கம் 21 நாளில் படியும் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். லண்டனில் 96 பேரிடம் பார்த்தபோது, நடுமட்டம் 66 நாள். ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. இடையில் ஒரு நாள் விட்டது எதையும் கெடுக்கவில்லை. உங்கள் ஆறு வாரம் 42 நாள். படிந்துகொண்டிருந்த நேரத்தில் நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. சில வாரங்களிலேயே எடை கிடுகிடுவென ஏறுவது, கால் வீக்கம், மூச்சுத் திணறல், உரத்த குறட்டையோடு பகலில் அடக்க முடியாத தூக்கம், காரணமில்லாமல் தோலில் கன்றிய தழும்புகள், அதிகத் தாகமும் அடிக்கடி சிறுநீரும். இவற்றில் எது இருந்தாலும், என் பதிலை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இல்லாவிட்டாலும், எச்பிஏ1சியை ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்துவிடுங்கள். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் அதே நாளில்.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் கருவியை வெளியே எடுங்கள், ஆனால் தினமும் ஏற வேண்டாம். வாரத்தில் ஒரே நாள், காலையில், கழிவறை போய்விட்டு வந்தபின். எண்ணைக் காலண்டரில் குறித்துவிட்டு மறந்துவிடுங்கள். நான்கு வாரச் சராசரியை அதற்கு முந்தைய நான்கு வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். அந்த எண் அன்றைய நாளையே கெடுக்கிறது என்றால், கருவி கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும். மாதத்துக்கு ஒரு முறை தையல் டேப்பால் தொப்புள் மட்டத்தில் சுற்றளவை எடுங்கள். இப்போது 90 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உயரத்தில் பாதி 79. அடுத்த ஆண்டு இதே நேரம் 86 என்று எழுதினால், எடை என்ன என்று நான் கேட்கக்கூட மாட்டேன்.